நாள் முழுக்கக் காரையே உருட்டும் குழந்தை என்னதான் கற்றுக்கொள்கிறது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டரை வயதுப் பையன். கண் விழித்ததிலிருந்து கார் பொம்மைதான். தரையில் கன்னத்தை ஒட்டிப் படுத்துக்கொண்டு, காரை முன்னும் பின்னும் உருட்டி, சக்கரத்தையே பார்க்கிறான். சில நேரம் எல்லாக் கார்களையும் வரிசையாக அடுக்குகிறான், கலைத்தால் அழுகிறான். எழுத்தும் எண்ணும் சொல்லித்தரும் பேசும் பொம்மைகள் வாங்கிக் கொடுத்தும் தொடுவதில்லை. இதில் அவன் எதையாவது கற்கிறானா, இல்லை சும்மா பொழுது போகிறதா? வேறு பொம்மைக்குப் பழக்க வேண்டுமா?

கற்கிறான். பழக்க வேண்டியதில்லை. இத்தோடு முடித்துக்கொள்ளலாம்தான். ஆனால் ‘விளையாடினால் மூளை வளரும்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. எதைக் கற்கிறான் என்று தெரிந்தால்தான் அது உங்கள் கண்ணில் படும். மழலையர் வகுப்பில் பல வருடம் தரையில் உட்கார்ந்தே வேலை பார்த்தவள் நான். அங்கே எந்தப் பொம்மைக்குப் பெயின்ட் சீக்கிரம் உரியும் என்று கேட்டால் யோசிக்காமல் கார் என்பேன்.

முதலில் அந்தப் படுத்துக்கொண்டு பார்க்கும் சமாசாரம். இன்று ஒரு தடவை அவன் பக்கத்தில் நீங்களும் படுத்துப் பாருங்கள். நின்றுகொண்டு பார்த்தால் காரின் கூரைதான் தெரியும். கண்ணைத் தரைமட்டத்துக்கு இறக்கினால் வேறொன்று தெரிகிறது: கார் நேராகப் போகிறது, சக்கரம் வட்டமாகச் சுற்றுகிறது, இரண்டும் ஒரே நேரத்தில். கை நின்றால் இரண்டும் நிற்கின்றன. பின்னால் இழுத்தால் சக்கரம் மாற்றிச் சுற்றுகிறது. பக்கவாட்டில் தள்ளினால் சக்கரம் அசையாமல் கார் மட்டும் இழுபடுகிறது. அவன் இதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருப்பான். ‘ஒரே மாதிரி திரும்பத் திரும்பச் செய்கிறான்’ என்று நமக்குத் தோன்றுவதை ஐந்து நிமிடம் ஊன்றிக் கவனித்தால், ஒவ்வொரு தடவையும் அவன் எதையோ ஒன்றைக் கொஞ்சம் மாற்றுவது தெரியும். வேகம், பக்கம், தரை, கை.

ஸ்விட்சர்லாந்தின் உளவியல் அறிஞர் ழான் பியாஜே தன்னுடைய மூன்று பிள்ளைகளையும் கைக்குழந்தையிலிருந்தே கவனித்துக் குறிப்பெழுதி வைத்தவர். ஒரு வயது கடந்ததும் குழந்தைகள் ஒரு செயலை வெறுமனே திரும்பச் செய்வதை விட்டு, வேண்டுமென்றே மாற்றி மாற்றிச் செய்து விளைவைப் பார்க்கிறார்கள் என்று அவர் எழுதினார். உங்கள் பையன் தரையில் செய்வதும் அதே வகைதான், இன்னும் நுணுக்கமாக.

குழந்தைகளின் அறிவை ஆராய்ந்தவர்களுக்கும் பொம்மை வண்டிக்கும் பழைய உறவு உண்டு. 1986-இல் ரெனே பையார்ஜான் வெளியிட்ட ஒரு சோதனையில் ஆறு மாத, எட்டு மாதக் குழந்தைகள் பங்கேற்றார்கள். ஒரு குட்டி வண்டி சரிவில் உருண்டு வந்து ஒரு திரைக்குப் பின்னால் மறைந்து, மறுபக்கம் வெளியே வரும். அப்புறம் திரையைத் தூக்கி, பின்னால் ஒரு பெட்டி இருப்பதைக் குழந்தைக்குக் காட்டினார்கள். ஒரு தடவை பெட்டி பாதைக்கு அந்தப் பக்கம் ஒதுங்கி இருந்தது. இன்னொரு தடவை பாதையின் மேலேயே இருந்தது. திரையை இறக்கி வண்டியை விட்டதும், இரண்டு தடவையும் வண்டி மறுபக்கம் வந்துவிட்டது. பாதையை அடைத்துக்கொண்டு பெட்டி இருந்தும் வண்டி வந்தபோது குழந்தைகள் கூடுதல் நேரம் உற்றுப் பார்த்தார்கள். அதாவது மறைந்த பெட்டி இன்னும் அங்கேதான் இருக்கிறது, அதை ஊடுருவி வண்டி வர முடியாது என்பது ஏதோ ஒரு வகையில் அவர்களுக்குப் பிடிபட்டிருக்கிறது. பேச்சே வராத வயதில்!

இதைவிட எனக்குப் பிடித்தது 2015-இல் ஏமி ஸ்டாலும் லிசா ஃபைகன்சனும் வெளியிட்டது. பதினோரு மாதக் குழந்தைகள். சிலருக்கு, ஒரு பொம்மை சுவரை ஊடுருவிப் போனது போல ஒரு தந்திரம் செய்து காட்டினார்கள். வேறு சிலருக்கு, அதே பொம்மை விளிம்பைத் தாண்டியும் கீழே விழாமல் அந்தரத்தில் நிற்பது போலக் காட்டினார்கள். பிறகு அந்தப் பொம்மையைக் கையில் கொடுத்தார்கள். சுவரை ஊடுருவியதைப் பார்த்த குழந்தைகள் அதை மேசையில் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். அந்தரத்தில் நின்றதைப் பார்த்தவர்கள் அதைக் கீழே போட்டுப் போட்டுப் பார்த்தார்கள். எதில் சந்தேகமோ அதைத்தான் சோதித்தார்கள். இதைப் படித்த பிறகு, கார் பொம்மையைத் தரையில் ‘டொக் டொக்’ என்று அடிக்கும் குழந்தையை அதட்டுவதற்கு முன்னால் நான் ஒரு நொடி நிறுத்திக்கொள்கிறேன். (அடிப்பது தம்பியின் தலையில் என்றால் அது வேறு கணக்கு.)

ஒரு முரண்பாட்டையும் இங்கே சொல்ல வேண்டும். 2000-இல் வந்த ஓர் ஆய்வில் ஒரு சரிவுப் பாதையை நான்கு கதவுள்ள பலகையால் மறைத்தார்கள். பாதையின் குறுக்கே ஒரு தடுப்பைச் செருகினார்கள். அதன் மேல்பகுதி பலகைக்கு மேலே நீட்டிக்கொண்டு குழந்தையின் கண்ணுக்குத் தெரியும். பந்தை உருட்டிவிட்டு, ‘எங்கே நின்றது, கதவைத் திற’ என்றார்கள். தடுப்புக்குப் பக்கத்துக் கதவு, அவ்வளவுதான் விஷயம். இரண்டு வயது, இரண்டரை வயதுக் குழந்தைகளில் பெரும்பாலோர் தவறான கதவைத் திறந்தார்கள். மூன்று வயதில்தான் பலருக்கும் சரியாக வந்தது. ஆறு மாதத்தில் பார்வைக்குத் தெரிந்த ஒன்று, இரண்டரை வயதிலும் கைக்கு வரவில்லை!

இதற்கு ஆராய்ச்சியாளர்கள் பல விளக்கம் சொல்கிறார்கள். என் கணிப்பு எளிமையானது: ஏதோ தப்பாக நடக்கிறது என்று பார்த்துத் திகைப்பது வேறு, என்ன நடக்கப்போகிறது என்று முன்கூட்டியே நினைத்துக் கையை நீட்டுவது வேறு. கண் அறிந்ததைக் கை அறிய வருடக்கணக்கில் ஆகிறது. அந்த இடைவெளியைக் குழந்தை தானாகவே நிரப்பிக்கொள்ளும் இடங்களில் ஒன்றுதான் இந்தக் கார் விளையாட்டு. சோபாவுக்கு அடியில் காரை உருட்டிவிட்டு அந்தப் பக்கம் ஓடிப்போய்க் காத்திருக்கிறானா? நடுவில் செருப்பு இருந்ததால் கார் வரவில்லை என்றால் குனிந்து தேடுகிறானா? அந்த நான்கு கதவுச் சோதனையை அவன் வீட்டிலேயே எழுதிக்கொண்டிருக்கிறான். பள்ளிக்கூடத்துப் பரீட்சையைவிடக் கடினம், மதிப்பெண் மட்டும் கிடையாது.

உங்கள் பையன் வயதில் இன்னொரு வேடிக்கையும் நடக்கும். என் வகுப்பில் ஒரு பெண் குழந்தை, இரண்டு வயது இருக்கும், விரல் நீளமே உள்ள ஒரு கார் முன்னால் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். காரின் குட்டிக் கதவைத் திறந்தாள். கால் கட்டைவிரலை உள்ளே நுழைத்து அழுத்தினாள். விளையாட்டு முகம் இல்லை. மும்முரமாக ஏற முயன்றாள். முடியவில்லை என்றதும் என்னை நிமிர்ந்து பார்த்தாள், நான்தான் ஏதோ சதி செய்துவிட்டேன் என்பது போல. ஜூடி டிலோச்சும் அவரோடு சேர்ந்தவர்களும் 2004-இல் இதை ஆராய்ந்து எழுதினார்கள். பதினெட்டு மாதம் முதல் முப்பது மாதம் வரையான குழந்தைகளை, உட்கார்ந்து ஓட்டக்கூடிய பெரிய பொம்மைக் காரில் முதலில் விளையாடவிட்டு, பிறகு அதேபோன்ற சின்னஞ்சிறு காரை வைத்தார்கள். கணிசமான குழந்தைகள் அதற்குள் ஏறப் பார்த்தார்கள். ‘இது கார், கார் என்றால் ஏறுவது’ என்ற அறிவும், ‘இது இவ்வளவு சின்னது’ என்ற அறிவும் தனித்தனியே இருக்கின்றன. செயலில் இறங்கும்போது சில சமயம் முதலாவது முந்திக்கொள்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். ஆகவே சிரியுங்கள், ஆனால் ‘முட்டாள்’ என்று மட்டும் சொல்லாதீர்கள்.

சரி, இனி சரிவுப் பலகை. இந்த விளையாட்டில் எனக்கு அதிக மதிப்பு இதன்மேல்தான். ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைத் தலையணைமேல் சாய்த்து வைத்தால் போதும், மணிக்கணக்கில் ஓடும். கலிலியோ 1638-இல் வெளியான தன் நூலில் விவரிக்கும் சோதனையும் இதுதான்: நேராக விழும் பொருள் கண்ணுக்குச் சிக்காத வேகத்தில் விழுகிறது, சரிவில் உருட்டினால் அது அளக்கும் அளவுக்கு நிதானமாகிறது. குழந்தைக்கு அளவுகோல் வேண்டாம், தரை ஓடுகளே போதும். ‘மூணு கட்டம் தாண்டிப் போச்சு’ என்பான்.

முதலில் காரை மேலே வைத்துத் தள்ளுவான். ஒரு நாள், தள்ளாமல் விட்டாலே போகிறது என்று தெரியவரும். அந்த நொடியில் முகத்தைப் பார்க்க வேண்டும். கையைத் தூக்கி வைத்துக்கொண்டு, ‘நான் ஒண்ணும் செய்யல’ என்பது போல நிற்பான். பிறகு தலையணையை உயர்த்துவான். உயர்த்த உயர்த்த வேகம் கூடும், ஒரு கட்டத்துக்கு மேல் கார் மூக்கால் தரையில் குத்திக் குப்புற விழும். அதிகம் உயர்த்தினால் அதிக வேகம் என்று நினைத்தது ஓர் எல்லைக்கு மேல் கெட்டுவிடுகிறது என்பதை எந்தப் பாடப்புத்தகமும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லாது. பிறகு துண்டை விரித்து அதன்மேல் விடுவான், கார் நின்றுவிடும். காரைக் கவிழ்த்து வைத்து விடுவான். பந்தை விடுவான். ஸ்பூனை விடுவான். எது உருளும், எது வழுக்கும், எது அப்படியே கிடக்கும் என்று மூன்று கட்சியாகப் பிரித்துவிடுவான்.

இந்த இடத்தில் பெரியவர்கள் செய்யும் ஒரு தப்பு: ‘பெரிய கார்தான் ஜெயிக்கும், அதுதான் கனம்’ என்று முந்திக்கொண்டு சொல்லிவிடுவது. சரிவில் எடை நாம் நினைக்கும் அளவுக்கு வேறுபாடு தராது. அச்சு எவ்வளவு வழவழப்பாகச் சுற்றுகிறது, சக்கரம் நேராக இருக்கிறதா என்பதுதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. பழைய, பெயின்ட் உரிந்த குட்டிக் கார் பளபளக்கும் பெரிய காரை முந்துவதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்கட்டும். ‘எது முந்தும்னு நினைக்கிற?’ என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வது நம் வேலை. இரண்டாவது பாதி கடினம், எனக்கும்தான்.

வேகத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு துணுக்கு. 1928-இல் டாவோஸ் நகரில் ஐன்ஸ்டைன் பியாஜேயிடம், குழந்தைகளுக்கு முதலில் புரிவது நேரமா, வேகமா என்பது பற்றிக் கேள்வி எழுப்பினார். காலம் பற்றிக் குழந்தைகள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்ற தன் நூலுக்குத் தூண்டுதல் அதுதான் என்று பியாஜே எழுதியிருக்கிறார். பின்னாளில் ராபர்ட் சீக்லரும் டீன் ரிச்சர்ட்ஸும் இரண்டு பொம்மை ரயில்களை இணையான பாதைகளில் ஓடவிட்டு, எது வேகமாகப் போனது என்று கேட்டார்கள். ஐந்து வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் எது முன்னால் போய் நின்றதோ அதைத்தான் சொன்னார்கள். பின்னாலிருந்து கிளம்பியது, கொஞ்ச நேரமே ஓடியது என்பதெல்லாம் கணக்கில் இல்லை. ஆகவே இரண்டு கார்களை ஓடவிட்டு ‘என்னுதுதான் ஃபாஸ்ட்’ என்று சண்டை வரும்போது, உங்கள் பிள்ளை அழுகுணி ஆட்டம் ஆடவில்லை. அந்த வயதின் இயற்பியல் அது.

பேச்சுக்கு வருகிறேன். ‘புர்ர்ர்’, ‘பீம் பீம்’ என்று தொடங்குவது, இரண்டு வயதை ஒட்டி ‘போ’, ‘நில்லு’, ‘வந்துச்சு’ என்று மாறும். உள்ளே, வெளியே, மேலே, அடியில், பின்னால், நடுவில் போன்ற இடம் காட்டும் சொற்களைப் படம் காட்டிச் சொல்லித்தருவது சிரமம். கையில் காரும் ஓர் அட்டைப்பெட்டியும் இருந்தால் சொல்லித்தரவே தேவையில்லை. ‘பெட்டிக்குள்ள போயிடுச்சு’ என்று நீங்கள் இயல்பாகச் சொன்னால் அது ஒட்டிக்கொள்ளும்.

உங்கள் பேசும் பொம்மைகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2016-இல் அன்னா சோசா வெளியிட்ட ஓர் ஆய்வில், 10 முதல் 16 மாதக் குழந்தைகளும் பெற்றோரும் மூன்று வகைப் பொருட்களோடு விளையாடியதைப் பதிவு செய்தார்கள்: பேட்டரியில் பேசும் பொம்மைகள், சாதாரணப் பொம்மைகள், புத்தகங்கள். பேசும் பொம்மை இருக்கும்போது பெற்றோர் பேசிய சொற்கள் மற்ற இரண்டையும்விடக் குறைவு, குழந்தையோடு மாறி மாறிப் பேசுவதும் குறைவு. சிறிய ஆய்வுதான், 26 ஜோடிகள். ஆனால் எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. பொம்மை பேசினால் நாம் ஏன் பேசப்போகிறோம்? அவை மூலையிலேயே கிடக்கட்டும்.

இன்னும் சில மாதத்தில் அவன் தனக்குத் தானே பேசுவதைக் கேட்பீர்கள்: ‘இப்ப திரும்பணும், இல்ல இல்ல, லாரி வருது, நில்லு’. யாரிடமும் சொல்வதில்லை. லெவ் வைகாட்ஸ்கி என்ற ரஷ்ய உளவியலாளர் இந்தப் பேச்சு வீண் இல்லை என்றார். தன் செயலைத் தானே நடத்திக்கொள்ளக் குழந்தை பயன்படுத்தும் பேச்சு இது, பிற்பாடு உள்ளே போய் மௌனமான சிந்தனையாகிறது என்பது அவர் கருத்து. அதே நேரத்தில் பாவனையும் தொடங்கும். மரக்கட்டை காராகும், கார் நோயாளியாகும், சீப்பு பாலமாகும். இருக்கும் பொருளை விட்டு இல்லாத ஒன்றை மனதில் நிறுத்துவது பெரிய தாவல். ஒரு மூன்றரை வயதுப் பையன் காரைக் கைக்குட்டையால் போர்த்தி, ‘சத்தம் போடாதீங்க, டிரைவர் தூங்குறாரு’ என்று என்னை அடக்கியிருக்கிறான். காருக்குள் டிரைவர் கிடையாது. கண்ணாடிகூட ஒட்டிய ஸ்டிக்கர்தான்.

எண்ணும் நிறமும் தனியாகச் சொல்லித்தர வேண்டாம், தானே வரும் என்பதால் அதிகம் எழுதவில்லை. ஒரு கோட்டுக்கு ஒரு கார் என்று நிறுத்தினால் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கு வருகிறது. நிறப்படி பிரித்தவனிடம் ‘இப்ப பெரிசு, சின்னதுன்னு பிரி’ என்றால் மூன்று வயதில் பழையபடி நிறத்துக்கே திரும்பிவிடுவான். நாலரை, ஐந்தில் மாற்றிப் பிரிப்பான். மனதின் கியரை மாற்றும் திறன் அது, அவசரப்படுத்தினால் வராது.

வரிசை அடுக்குவது பற்றி உங்களுக்குள் ஒரு பயம் இருப்பது கேள்வியிலேயே தெரிகிறது. கார்களை வரிசையாக அடுக்குவது, சக்கரத்தைச் சுற்றிப் பார்ப்பது, இவை மட்டுமே ஆட்டிசத்தின் அடையாளம் ஆகாது. இந்த வயதில் ஏராளமான பிள்ளைகள் அடுக்குகிறார்கள், கலைத்தால் கத்துகிறார்கள். பார்க்க வேண்டியது விளையாட்டுக்கு வெளியே: பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா? வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறானா? அடுக்கி முடித்ததும் ‘பார்’ என்று உங்களை இழுக்கிறானா? பேச்சு கூடிக்கொண்டு வருகிறதா? காரை எப்போதாவது ஓட்டவும் செய்கிறானா, இல்லை சக்கரம் மட்டும்தானா? இவற்றில் பலவற்றுக்குப் பதில் ‘இல்லை’ என்றாலோ, பேசிய சொற்கள் நின்றுபோனாலோ, காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். மற்றபடி ஒரே பொருளில் இவ்வளவு மோகம் அபூர்வமும் இல்லை. டிலோச் 2007-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில் சிறு குழந்தைகளில் சுமார் மூன்றில் ஒரு பங்குக்கு இப்படி ஒரு தீவிர ஈடுபாடு இருப்பது தெரிந்தது. அவர்களில் ஆண் குழந்தைகளே அதிகம், வண்டி வாகனம் அதில் முக்கிய இடம். அதற்காகப் பெண் பிள்ளைகளுக்குக் கார் வாங்காமல் இருப்பது எந்த ஊர் நியாயம் என்று எனக்குப் புரிந்ததில்லை.

என்ன கார் நல்லது? பொத்தானை அழுத்தினால் தானே ஓடும் காரில் குழந்தை பார்வையாளர் ஆகிவிடுகிறது. தள்ளினால் மட்டும் ஓடுவது முதலிடம். பின்னால் இழுத்து விட்டால் ஓடும் கார் மூன்று வயதுக்குப் பிறகு அருமை: உள்ளே ஒரு சுருள்வில் இறுகுகிறது, எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு ஓடுகிறது. எண்ணிக்கையும் குறைவாக இருக்கட்டும். ஒன்றரை முதல் இரண்டரை வயதுக் குழந்தைகளை 16 பொம்மைகளோடும், வேறொரு தடவை நான்கே பொம்மைகளோடும் விளையாடவிட்டுப் பார்த்த ஆய்வு 2018-இல் வந்தது; நான்கு இருந்தபோதுதான் ஒவ்வொன்றோடும் அதிக நேரம், பல விதமாக விளையாடினார்கள். மற்றவற்றை எடுத்து வைத்துவிட்டு மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும். மூன்று வயதுக்குள், கழன்று வரும் சக்கரம் உள்ள கார் வீட்டில் இருக்கக் கூடாது. சின்னப் பாகங்களைச் சோதிக்கப் பயன்படும் உருளையின் வாய் அகலம் 31.7 மில்லிமீட்டர்; அதற்குள் அடங்குவது தொண்டையை அடைக்கலாம். பட்டன் பேட்டரியும் சிறு காந்தமும் இதைவிடக் கொடியவை. பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் கடுமையான புண் உண்டாக்கிவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே நேராக மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

நீங்கள் என்ன செய்வது என்றால், பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு நிமிடம் பேசாமல் பக்கத்தில் இருங்கள். அவன் செய்வதை ஒரு வரியில் சொல்லுங்கள். அப்புறம் ஒரே ஒரு பொருளை நடுவில் வையுங்கள், ஓர் அட்டைக் குழாயோ ஒரு துண்டோ. எடுத்துக்கொண்டால் சரி, தள்ளிவிட்டால் அதுவும் சரி.

என் வகுப்பில் உங்கள் பையனைப் போலவே எப்போதும் கன்னத்தைத் தரையில் வைத்துக் கிடக்கும் ஒருவன் இருந்தான். நாலு வயது ஆகும்போது ஒரு நாள் படுத்தபடியே கேட்டான்: ‘மிஸ், கார் ஓடுறதால சக்கரம் சுத்துதா, சக்கரம் சுத்துறதால கார் ஓடுதா?’ வாய்வரை வந்த பதிலை விழுங்கிவிட்டு, அவன் காரைக் கவிழ்த்து அவன் முன்னால் வைத்தேன். சக்கரத்தை ஒரு விரலால் சுண்டினான். அது சுற்றியது, கார் அங்கேயே கிடந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு காரைத் திருப்பித் தரையில் வைத்து, மறுபடியும் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டு உருட்டத் தொடங்கினான்.